கபிரியேலின் ஆய்வேட்டுக்காக மன்றாடுவோம்

"அந்தப் புள்ள இன்னும் முடிக்கலன்னா, நம்ம ஜெபத்துலதான் ஏதோ கொற இருக்கு."

கிள்ளானில் எங்கள் பங்குக் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு வெள்ளை வேனுக்குப் பின்னால் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது இது என் காதில் விழுந்தது. சொன்னவர் பிலோமினா ஆன்டி, ஜெபமாலைக் குழுவின் தலைவி. எண்பதை நெருங்கியவர். அந்தப் புள்ள என்பது நான். எனக்கு வயது நாற்பத்தேழு.

நான் எழுந்திருக்கவில்லை. கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன். ஆன்டியும் கூட நின்றவரும் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் போகவில்லை, வேன்தான் போய்விட்டது. வெட்டவெளியில் நான் மட்டும் முழங்காலில் இருந்தேன்.

"பாரு, தரையிலயே மண்டி போட்டு ஜெபம் பண்ணுது," என்றார் பிலோமினா ஆன்டி, பக்கத்தில் நின்றவரிடம். கேட்டவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

முகம் கொதித்தது. வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மேகமூட்டம்.

நான் முடிக்காமல் வைத்திருந்தது முனைவர் பட்டம். அதுவும் கல்வியியலில். இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியன் நான். அறிவுத் தாகம் என்னை அங்கே கொண்டுபோகவில்லை. மீன் கொண்டுபோனது.

என் மனைவி கெர்ட்ரூட் சனிக்கிழமை தவறாமல் பாசார் சந்தைக்குப் போவாள். ஒரு மீன் வாங்க ஒன்பது மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். நான் பின்னால் பை பிடித்துக்கொண்டு நிற்பேன். ஏழு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளியின் இன்னொரு ஆசிரியருடைய மனைவியை அங்கே பார்த்தோம். தனியாக வந்திருந்தார். "சார் வரலயா?" என்று கேட்டேன். "அவருக்கு எங்க நேரம்? மாஸ்டர்ஸ் படிக்கிறாரே," என்றார், பெருமையோடு, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு.

மாஸ்டர்ஸுக்கே ஒரு மனிதனுக்கு இவ்வளவு விடுதலை என்றால், பிஎச்டிக்கு எவ்வளவு கிடைக்கும்? மீன் தண்ணீர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில் சபதம் எடுத்தேன்.

விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் ஏன் முனைவர் பட்டம் என்று கேட்டார்கள். சமுதாயத்துக்காக என்றேன். தலைப்பு கேட்டார்கள். 'பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் தந்தையரின் பங்கேற்பு' என்றேன். அவசரத்தில் வாயில் வந்தது அதுதான். நல்ல தலைப்பு என்று மூன்று பேரும் தலையாட்டினார்கள். இடம் கிடைத்துவிட்டது.

கெர்ட்ரூட் மகிழ்ந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சாப்பாட்டு மேசையில் பாதியை எனக்கு ஒதுக்கினாள். மேசை விளக்கு வாங்கினாள். மகள் ஷார்மைனிடம், "டாடி படிக்கிறாரு, சத்தம் போடாத," என்றாள். ஷார்மைனுக்கு அப்போது ஒன்பது வயது. கையில் வீட்டுப்பாடம். என்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் லைப்ரரி. அதாவது, கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறி, குளிரூட்டிய பெட்டியில் நன்றாகத் தூங்கி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து, ஒரு சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஒரு தோசை, ஒரு தே (எங்கள் ஊரில் டீக்கு அதுதான் பேர்). பிறகு இன்னொரு தே. பூக்கடைக்காரர்கள் சண்டை போடுவதைக் கேட்பேன். பத்திரிகையில் ராசிபலனைப் படிப்பேன். எல்லா ராசிக்கும். மாலையில் தூங்கிக்கொண்டே திரும்புவேன்.

"ரொம்பக் களைச்சுட்டீங்க," என்பாள் கெர்ட்ரூட்.

"மூளை உழைப்பு கெர்ட்டி," என்பேன்.

இப்படி ஆறு வருடம். முதல் அத்தியாயம் முடிந்தது. இரண்டாம் அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்தேன்.

போன வருடத் தொடக்கத்தில் என் மேற்பார்வையாளர் டாக்டர் மாதவி போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். மரியாதை தெரிந்தவர். அதுதான் பிரச்சினை.

"கபிரியேல் சார், நல்லா இருக்கீங்களா? சத்தமே இல்லையேன்னு பயந்துட்டேன்."

"இருக்கேன் டாக்டர். ஆழமா வாசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"டிசம்பருக்குள்ள ஆய்வேட்டக் கொடுக்கணும் சார். இல்லன்னா பட்டியல்லருந்து பேர எடுத்துடுவாங்க. உங்களுக்காக நான் ரெண்டு தடவ பேசி வாங்கின தவணை இது. எத்தன அத்தியாயம் ஆச்சு?"

"ரெண்டாவத நெருங்கிட்டேன்."

போனில் ஒரு மூச்சு கேட்டது. அந்த மூச்சில் திட்டு எதுவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

பேரை அவர்கள் எடுத்தால் அவமானம். நானே எடுத்துக்கொண்டால் தியாகம். இந்த வித்தியாசம் எனக்குச் சட்டென்று புரிந்தது. குடும்பத்துக்காகப் படிப்பைத் துறந்த மனிதன். கெர்ட்ரூட் கண்கலங்குவாள். பங்கு மக்கள் பாராட்டுவார்கள். குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டு சமையலறைக்குப் போனேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கெர்ட்டி, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்."

"சொல்லுங்க."

"இந்த ஆறு வருஷமா உனக்கும் பிள்ளைக்கும் நான் நேரமே கொடுக்கல."

"ஆமா."

அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று ஒத்திகையில் இல்லை.

"சனிக்கிழமை ஆனா லைப்ரரி லைப்ரரின்னு ஓடிட்டேன்."

"ஓடினீங்க."

"ஷார்மைன் வளர்ந்ததே எனக்குத் தெரியல."

"அவ போன வருஷமே உங்கள விட உயரமாயிட்டா."

"அதான் மனசு கேக்கல. பட்டமா குடும்பமான்னு பாத்தா, குடும்பம்தான். விட்டுடலாம்னு இருக்கேன்." கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் கைகொடுத்தது.

கெர்ட்ரூட் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டாள்.

"இவ்வளவு மனசு ஒடஞ்சு போயிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாம போச்சே. விட வேணாம். நான் பாத்துக்கிறேன்."

"நீ என்னத்தப் பாத்துக்குவ? நீயா எழுதப் போற?"

"நான் ஏன் லா எழுதணும்? எழுத வைக்கிறவர் இருக்காரு," என்று மேலே கையைக் காட்டினாள். மேலே எங்கள் வீட்டில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போனோம். எங்கள் கோயிலில் பூசை தொடங்கும் முன் பூசைக் கருத்துகளை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். யாருக்காக, என்ன வேண்டி, யார் கொடுத்தது என்று. முதலில் நன்றிகள், பிறகு நோயாளிகள். கடைசியில் இறந்தவர்கள். நான் வழக்கம்போல் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

"முனைவர் படிப்பை எழுதி முடிக்க மனத்திடம் வேண்டி, கபிரியேல் அவர்களுக்காக. கொடுப்பவர்கள், மனைவி கெர்ட்ரூட், மகள் ஷார்மைன்."

அடுத்த வரி ஆன்மா இளைப்பாற என்று தொடங்கியது. நோயாளிகளுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவில் சரியாக நான் இருந்தேன். நானூறு தலைகள் திரும்பின. கெர்ட்ரூட் மட்டும் திரும்பவில்லை. பீடத்தைப் பார்த்துக் கைகூப்பியிருந்தாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்கள்.

"எத்தன பக்கம்யா பாக்கி?"

"கொஞ்சம்தான் ஆன்டி."

"என் மகனும் ஆறு வருஷம்தான் படிச்சான். டாக்டர் ஆயிட்டான். ஊசி போடுற டாக்டரு."

"இது வேற படிப்பு அங்கிள்."

"தெரியுது லா, ரொம்பப் பெரிய படிப்பு. அதான் முடிய மாட்டேங்குது."

அடுத்த ஞாயிறும் வாசித்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும். பள்ளியில் ஒரு மாணவன், "சார், உங்க பேர மைக்ல கேட்டேன்," என்றான். நான் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே லியோனல் என்ற இளைஞர் கருத்துகளைப் பதிவு செய்வார்.

"லியோனல், அந்த என் கருத்து. அத நிறுத்திடலாமா?"

"முடிச்சிட்டீங்களா அங்கிள்? நன்றிப் பூசைக்கு மாத்திடவா?"

"முடிக்கல. சும்மா நிறுத்தணும்."

லியோனல் யோசித்தார். "வேண்டுதல் பகுதியில ஒரு பேரு ஏறினா, எறங்குறதுக்கு ரெண்டே வழிதான் அங்கிள். ஒண்ணு, கேட்டது கெடைச்சு மேல நன்றிக்குப் போகணும். இல்லன்னா..." பாதியில் நிறுத்தி, பதிவேட்டில் கீழே இருந்த பகுதியைப் பணிவோடு பார்த்தார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் கெர்ட்ரூட் ஆன்டி போட்டுட்டாங்க," என்றார் பிறகு. "நீங்க பயப்படாதீங்க. ஒரு வாரமும் தவறாது."

மே மாதம் வந்தது. எங்கள் பங்கில் மே மாதம் முழுவதும் வீடு வீடாக ஜெபமாலை. எங்கள் வீட்டு முறைக்கு வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அன்று முப்பது பேர் வந்தார்கள். ஃபாதரும் வந்தார். ஜெபமாலை முடிந்ததும், "படிக்கிற எடத்த மந்திரிச்சிடலாம் ஃபாதர்," என்றாள் கெர்ட்ரூட். எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சூழ்ந்தார்கள். மேசைமேல் என் மடிக்கணினி. அவளே திறந்து வைத்திருந்தாள். ஃபாதர் தீர்த்தத்தை எடுத்துத் தெளிக்கத் தொடங்கினார்.

"ஃபாதர், கீபோர்டுல தண்ணி படாம," என்றேன். பட்டது.

பிலோமினா ஆன்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். "அத்தியாயம் ரெண்டுன்னு போட்டிருக்கு," என்று மற்றவர்களுக்கு அறிவித்தார். "அதுக்குக் கீழ ஏன்யா வெள்ளையா இருக்கு?"

"அது மார்ஜின் ஆன்டி."

"பெரிய படிப்புக்கு மார்ஜினும் பெருசா இருக்கு," என்று அவர் மரியாதையோடு விலகி நின்றார். ஷார்மைன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பிறகு எல்லோருக்கும் கெர்ட்ரூட் தே கொடுத்தாள். பால் அதிகம் ஊற்றி, நுரை ததும்ப. பிலோமினா ஆன்டி கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணாம்மா. விட்டுட்டேன்."

"ஏன் ஆன்டி, சர்க்கரையா?" என்றேன்.

"சர்க்கரை எல்லாம் இல்ல. ஒனக்காகத்தான்யா. நீ முடிக்கிற வரைக்கும் தே குடிக்க மாட்டேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். நமக்கு வேற என்ன இருக்கு விடுறதுக்கு? இது ஒண்ணுதான்." சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டு வாங்கி, ஊதி ஊதிக் குடித்தார்.

எனக்குத் தெரிந்து அவர் ஒரு நாளைக்கு ஏழு தே குடிப்பார். கணவர் ரயில்வேயில் இருந்த காலத்துப் பழக்கம். அன்று நான் கையில் வைத்திருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் கார் நிறுத்துமிடத்தில் ஷூ நாடா கட்டியது. குறை தங்கள் ஜெபத்தில் என்று அவர் சொன்னது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சோம்பேறி என்று சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். எழுபது வருடமாக ஜெபம் சொல்லும் ஒரு பெண், என்னால், தன் ஜெபத்தைச் சந்தேகப்படுகிறார். அந்த வாரம் முழுவதும் பள்ளியில் யாருடைய கட்டுரைக்கும் என்னால் குறைந்த மதிப்பெண் போட முடியவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டேன். எழுதிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். எங்கே போய் எழுதுவது என்பதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. வாசலில் கெர்ட்ரூட் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு பிரிக்பீல்ட்ஸ் போகாதீங்க. அந்தக் கடை மூடியிருக்காம். கூரை ஒழுகுதுன்னு வேல நடக்குது."

"எந்தக் கடை?"

"நீங்க படிக்கிற கடை."

ஒரு சட்டையை உதறினாள். என் சட்டை.

"லைப்ரரிக்குப் போறேன் கெர்ட்டி."

"சரி, போங்க. கடை மூடியிருக்குன்னு மட்டும் சொன்னேன்."

"யார் சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்ல வேணாம். ஆறு வருஷமா உங்க சட்டையத் தொவைக்கிறேன். ஒரு நாளாவது புத்தக வாசன வந்திருக்கா? சாம்பார் வாசனதான். அதுவும் ஒரே கடை சாம்பார். போன மாசம் பிரிக்பீல்ட்ஸ்ல ஷாப்பிங் போனப்ப ரெண்டு கடையில சாப்பிட்டுப் பாத்தேன். ரெண்டாவது கடைதான்."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க ஒரு பொய் சொல்லணும். அப்புறம் அத ஞாபகம் வச்சிருக்கணும். படிக்கிற மனுஷனுக்கு ஏன் அந்தப் பாரம்?" கிளிப்பை மாட்டிவிட்டுக் கூடையோடு உள்ளே போய்விட்டாள்.

நானும் உள்ளே போனேன். ஷூவைக் கழற்றினேன். மேசையில் உட்கார்ந்தேன். மேசை விளக்கைப் போட்டேன். ஆறு வருடத்தில் அதன் பல்பு தேயவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சிரிக்க எதுவும் இல்லை. எழுதினேன். டாக்டர் மாதவிக்கு ஒவ்வொரு அத்தியாயமும் அனுப்பினேன். சிவப்பாகத் திரும்பி வந்தது. செராஸ், பூச்சோங், ரவாங் என்று அலைந்து தகப்பன்மார்களைப் பேட்டி எடுத்தேன். பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் எப்படிப் பங்கெடுக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் மனைவியைக் கூப்பிட்டார்கள். லோரி ஓட்டும் ஒருவர் மட்டும், "எனக்கு ஒண்ணும் புரியாது சார். அது எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பேன். அவ்வளவுதான்," என்றார். அதை எழுதிக்கொண்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு மாலை ஷார்மைன் கணக்குப் புத்தகத்தோடு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"டாடி, உங்க ரிசர்ச்ல நான் இருக்கேனா?"

"ஆய்வாளரோட குடும்பத்தச் சேக்கக் கூடாதும்மா. நடுநிலை இருக்காது."

"அப்பாடா," என்றாள். "என்னச் சேத்திருந்தா உங்க ரிசல்ட்டு கீழ போயிருக்கும்."

அவளே சிரித்துவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தாள். எனக்கும் அந்தக் கணக்கு புரியவில்லை. அவள் முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதங்களில் கெர்ட்ரூட் சனிக்கிழமைகளில் வீட்டில் இல்லை. கோயிலில் உறுதிபூசுதல் சடங்குக்குத் தயாராகும் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பை, ஆசிரியர் கிடைக்கும் வரை, தற்காலிகமாக எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குமுன் எடுத்த மூன்று பேர் ஓடிப்போயிருந்தார்கள். அவள் தொண்டை கட்டித் திரும்புவாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் கையை மட்டும் அசைப்பாள்.

டிசம்பருக்கு ஒரு வாரம் இருக்கையில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். சில மாதம் கழித்து வைவா, வாய்மொழித் தேர்வு. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் ஆய்வேட்டைப் புரட்டி, "உங்கள் ஆய்வின் மிகப்பெரிய குறைபாடு எது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஆய்வாளர்தான்," என்றேன்.

அவையடக்கம் என்று நினைத்து மூவரும் சிரித்தார்கள். சிறு திருத்தங்களோடு தேர்ச்சி. வெளியே வந்து கெர்ட்ரூட்டுக்குப் போன் செய்தேன். "வர்ற வழியில மீன் வாங்கிட்டு வாங்க," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஞாயிறு நன்றிப் பூசை. லியோனல் என் பெயரை மேல் பகுதிக்கு ஏற்றியிருந்தார். "முனைவர் கபிரியேல்" என்று ஒலிபெருக்கி சொன்னபோது கோயிலுக்குள்ளேயே கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன். தட்டிய கைகளில் எத்தனை கைகள் எனக்காக மணி உருட்டின என்று எனக்குத் தெரியும். நான் உருட்டியது தோசையை.

பூசை முடிந்து மண்டபத்தில் மீகூன் சேமியா, வடை, தே. பிலோமினா ஆன்டியை நடுவில் உட்கார வைத்தார்கள். கெர்ட்ரூட்டே கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் மடக்கில் ஆன்டி கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கோப்பையை முடித்து, இன்னொன்று வாங்கி, அதையும் முடித்தார்.

"ஜெபத்துல கொற ஒண்ணும் இல்லயா," என்றார் என் கையைப் பிடித்து. "நான்தான் பயந்துட்டேன்."

"உங்க ஜெபத்தாலதான் ஆன்டி," என்றேன். அத்தனை வருடத்தில் படிப்பைப் பற்றி அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது.

ஃபாதர் மைக்கை எடுத்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். நம் பங்குக்கு ஒரு கல்வி முனைவர் கிடைத்தது ஆண்டவரின் திட்டம் என்றார். பிறகு, உறுதிபூசுதல் வகுப்புக்கு நிரந்தரமாக ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார் என்றார். சனிக்கிழமைதோறும், காலையிலிருந்து மதியம் வரை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மனமுவந்து முன்வருகிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்.

மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. ஒரு முகம் திரும்பியது, பிறகு பத்து முகங்கள், பிறகு எல்லாம். நான் தட்டில் இருந்த மீகூனை மிகுந்த கவனத்தோடு பிரித்துக்கொண்டிருந்தேன்.

கெர்ட்ரூட் என் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாக மேலே தூக்கினாள்.